குளோரின் அண்ணையும் அறுபது போத்தல்களும்

சவர்க்காரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் திருகோணமலை லிங்கநகரில், நான் ஐந்து வருடம் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்த்தட்டில் இருந்தார். புதுச் சவர்க்காரக் கட்டியைப் பழைய சவர்க்காரத்தால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்து, பிறகுதான் கிணற்றடிக்குக் கொண்டு போவார். காரணம் கேட்டேன். "கடைக்காரன் என்ன கையால எடுத்தவன் எண்டு ஆருக்குத் தெரியும், பிள்ளை?" என்றார்.

அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் குளோரின் அண்ணை. துறைமுகத்தில் கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் படகில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை. தாங்கியில் குளோரின் போடுவது அவர் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகும் அந்த மணம் அவரை விட்டுப் போகவில்லை. கோயில் வரிசையில் அவர் நின்றால் முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்த்து, "பைப்பில தண்ணி வந்திட்டுதோ?" என்று கேட்பார்.

ஓய்வுக்குப் பிறகு அவர் பிடித்துக்கொண்ட வேலை ஜிஞ்சர் பியர் செய்வது. இஞ்சி, சீனி, தேசிக்காய், கொஞ்சம் ஈஸ்ட். இவ்வளவையும் வாளியில் ஊறவிட்டுப் போத்தலில் அடைப்பதற்கு ஒரு சாதாரண மனிதருக்கு அரை நாள் போதும். அண்ணைக்கு நாலு நாள் வேண்டும். அதில் மூன்றரை நாள் கழுவுகிற வேலை.

அந்தக் கழுவலை நான் வேடிக்கை பார்க்கப் போய், பிறகு அதற்குள்ளேயே விழுந்துவிட்டேன். நான் இயல்பிலேயே பயந்தவள். கேஸ் பூட்டினேனா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடி வருகிற வகை. என்னை விடப் பயந்த ஒருவரைக் கண்டதும் எனக்கு ஒரு நிம்மதி.

வாளியின் அடியில் இருக்கும் சின்னப் பிளாஸ்ரிக் குழாயை அவர் ஒவ்வொரு தரமும் ஐந்து துண்டாகக் கழற்றுவார். "வெளியால மினுங்கும். உள்ளுக்கை பார், ஒரு ஊரே குடியிருக்கும்" என்பார். வாளியைத் தும்பால் உரஞ்ச விடமாட்டார். உரஞ்சினால் கீறல் விழும், கீறலுக்குள் கிருமி ஒளிக்கும், அங்கே மருந்தும் போகாது. டோர்ச் அடித்துப் பார்த்து ஒரு மயிரளவு கீறல் கண்டாலும் அந்த வாளிக்கு ஓய்வு கொடுத்துக் குரோட்டன் நட்டுவிடுவார். அவர் வீட்டு வாசலில் பதினொரு குரோட்டன் நின்றது.

போத்தல்களை இளஞ்சூட்டுச் சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறவைத்து, நீளக் காம்புப் பிறஸை உள்ளே விட்டுத் தேய்த்து, சூரியனுக்கு நேரே பிடித்து அடிப்பக்கம் பார்ப்பார். பிறகு அலசல். பிறகு குளோரின் தண்ணீர். பிறகு கொதித்து ஆறின தண்ணீரில் இன்னோர் அலசல். துணியால் துடைக்கக் கூடாது. ஆணி அடித்த பலகையில் தலைகீழாகக் கவிழ்த்துத் தானாகக் காயவிட வேண்டும். ஒரு நாள் வழி தவறி வந்த ஒரு மான் அந்தப் பலகையில் காய்ந்த போத்தல்களை ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தது. எங்கள் ஊரில் மான் வீதியில் திரிவது புதினமில்லை. அண்ணை அதைத் துரத்தவில்லை, திட்டவில்லை. நாற்பது போத்தலையும் திரும்ப ஊறப் போட்டுவிட்டு, மானின் வாயைத்தான் கவலையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, நேரடியா மருந்துக்குள்ள போட்டா என்ன? அது எல்லாத்தையும் கொல்லுந்தானே" என்று ஒருமுறை கேட்டேன்.

அவர் கையிலிருந்த பிறஸைக் கீழே வைத்தார். "பிள்ளை, கழுவுறது வேற, கிருமி கொல்லுறது வேற. ஊத்தை இருந்தா மருந்து ஊத்தையோட சண்டை பிடிச்சே களைச்சுப் போகும். கிருமி அடியில இருந்து சிரிச்சுக்கொண்டு, சீனியைத் திண்டு காத்தைப் பெருக்கும். முதல் கழுவு, பிறகு கொல்லு. மாறிச் செய்தியோ, போத்தல் வெடிக்கும்."

வெடிக்கும் என்ற சொல்லை மட்டும் அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். அதற்குக் காரணம் இருந்தது.

நான் குடிவந்த முதல் வருடம் அவர் இவ்வளவு கழுவவில்லை. எல்லாரையும் போலத் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றிவிட்டு அடைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் குறுந்தெருவான ஒழுங்கை முழுக்க மீன் குழம்பு மணக்கும் நேரம், கீழே அவருடைய அறைக்குள் ஒரு போத்தல் வெடித்தது. பக்கத்துப் போத்தலில் சிதறல் பட்டு அது வெடித்தது. அப்படியே வரிசையாகப் பத்துப் பதினைந்து.

சண்டை முடிந்து எத்தனையோ வருடம். ஆனால் எங்கள் உடம்புக்கு அதை யாரும் சொல்லவில்லை. இரண்டாவது சத்தத்துக்கு முன்னமே ஒழுங்கை முழுவதும் நிலத்தில் கிடந்தது. எதிர்வீட்டு ரீச்சர் அகப்பையோடு படுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் படுத்த இடத்திலேயே அடையாள அட்டையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். நான் மேல்வீட்டில் மேசைக்குக் கீழே, எப்படிப் போனேன் என்றே தெரியாமல் கிடந்தேன். அதற்குள் காவலரணிலிருந்து இரண்டு சிங்களச் சிப்பாய்கள் துவக்கோடு ஓடி வந்தார்கள்.

"மொனவாத, என்ன வெடிச்சது?"

"ஜிஞ்சர் பியர், சேர்" என்று வாசலில் நின்று சொன்னது மலர் அக்கா. குளோரின் அண்ணையின் மனைவி.

வந்தவர்கள் சுவரில் வழிந்த நுரையை விரலால் தொட்டு மணந்து பார்த்து, அது கசிப்புச் சாராயம் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, போகும்போது உடையாத ஒரு போத்தலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். குடிக்கக் கேட்கப் பயமாக இருந்திருக்கும்.

பின்னேரம் ஒழுங்கைப் பெண்கள் விசாரிக்கப் போனபோது மலர் அக்கா கதை சொன்னார். "எனக்கு உயிரே போச்சு. கட்டிலுக்குக் கீழ போய்க் கிடந்தனான். வெளியால வர ஒரு மணித்தியாலம் பிடிச்சுது. பாவம் இவர், பக்கத்தில இருந்து முதுகைத் தடவித் தண்ணி தந்தவர்." அண்ணை கதிரையில் இருந்து நனைந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் அவர் போத்தலைத் தொடவில்லை. காலையில் கதிரையைப் போட்டு வாசல் படலையைப் பார்த்து இருப்பார், பின்னேரம் கதிரையை மடிப்பார். ஒரு நாள் மலர் அக்காதான், "எனக்கு வயிறு ஊதிக் கிடக்கு, உங்கட ஜிஞ்சர் பியர் குடிச்சா நல்லா இருக்கும்" என்று கேட்டுத் திரும்பத் தொடங்க வைத்தார். அண்ணை உடைந்த துண்டுகளை எல்லாம் எடுத்து வைத்துத் துப்பறிந்திருந்தார். வெடித்த போத்தல்களின் அடியில் மெல்லிசாக ஒரு பழுப்பு வளையம் இருந்ததாம். போத்தலில் முன்பு இருந்த சோடாவின் சீனிப்பாணி காய்ந்து ஒட்டிய ஊத்தை. அன்றைக்குத் தொடங்கியது இந்தக் கழுவல்.

"மலருக்குச் சத்தம் ஏலாது, பிள்ளை" என்று என்னிடம் சொன்னார். "இன்னொரு போத்தல் வெடிச்சா அந்த மனிசி தாங்காது. அவவுக்கு நான் சத்தியம் பண்ணினனான், இனி இந்த வீட்டில ஒண்டும் வெடிக்காது எண்டு."

இதைக் கேட்ட பிறகு நான் அவரைப் பார்த்துச் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டேன். முழுக்க நிறுத்தவில்லை.

இப்படி இருக்கும்போது என் தங்கச்சிக்குக் கலியாணம் வந்தது. வருகிறவர்களுக்கு வாசலில் அண்ணையின் ஜிஞ்சர் பியர்தான் கொடுக்க வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். நான் போய்க் கேட்டேன். அறுபது போத்தல். அண்ணை அன்று இரவு சாப்பிடவில்லை என்று மலர் அக்கா சொன்னார். ஆசையிலா பயத்திலா என்று அவருக்கே தெரியவில்லையாம். அறுபது போத்தலையும் குளிரில் வைப்பதற்கு மீன்காரரிடம் ஐஸ் பெட்டி ஒன்று இரவல் வாங்கி, அதை இரண்டு நாள் கழுவினார். மீன்காரர் வந்து பார்த்துவிட்டு, தன்னுடைய பெட்டி எங்கே என்று கேட்டார்.

சனிக்கிழமை போத்தல் கழுவ நானும் இறங்கினேன். நாற்பத்தெட்டு வரைக்கும் நான் அண்ணையே மெச்சும்படி கழுவினேன். கடைசிப் பன்னிரண்டு மிச்சம் இருந்தபோது தங்கச்சி தொலைபேசியில் வந்தாள். பிளவுஸ் கை இறுக்கமாம். தையல்காரர் புல்மோட்டைக்குப் போய்விட்டாராம். அழுகிறாள். ஒரு கையில் தொலைபேசி, ஒரு கையில் போத்தல். பிறஸ் விட இன்னொரு கை இல்லை. அண்ணை குசினியில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பன்னிரண்டையும் தேய்க்காமல், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல், நேரே குளோரின் தண்ணீருக்குள் இறக்கினேன். மருந்து இருக்கிறதுதானே என்று நினைத்தேன்.

பின்னேரம் அவர் ஊற்றினார், நான் மூடி அடித்தேன். அறுபதும் பெட்டிகளில் நின்றன. அறுபதும் ஒரே மாதிரி மினுங்கின. மூன்று நாள் கிணற்றடிக் குளியலறையில் ஈரச்சாக்கு மூடி வைத்து, பிறகு ஐஸில் ஏற்றுவது என்று முடிவு.

ஞாயிறு போனது. நான் கோயிலுக்குப் போய் விநாயகரிடம் போத்தல்களைப் பற்றித்தான் பேசினேன். திங்கள் போனது. அலுவலகத்தில் ஒருவர் தடித்த கோப்பு ஒன்றை மேசையில் போட்டதற்கு நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அண்ணையிடம் ஒரு சோதனைப் போத்தல் இருந்தது. அதே பானத்தை ஒரு பிளாஸ்ரிக் போத்தலிலும் நிரப்பி வைப்பார். அது கையில் அமத்த மெத்தென்று இருந்தால் காற்று குறைவு, கல்லுப்போல் இறுகினால் ஆபத்து. திங்கள் பின்னேரம் அவர் அதை அமத்திப் பார்த்து, முதல்முறையாகச் சிரித்தார்.

"பாத்தியே பிள்ளை, பூப் போல இருக்கு. கழுவல் சரியெண்டால் எல்லாம் சரி."

அந்தச் சோதனைப் போத்தல் நாற்பத்தெட்டுக்கு மட்டும்தான் சாட்சி. என்னுடைய பன்னிரண்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் மலர் அக்கா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். ஈரச்சாக்கிலிருந்து மூன்று அடி தூரம்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து சொன்னேன். குரோட்டன் வாளி ஒன்றின் விளிம்பில் இருந்துகொண்டு, தேய்க்காமல் விட்ட போத்தல்களைப் பற்றி அண்ணையிடம் சொன்னேன்.

அண்ணை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "எத்தினை?" என்றார்.

"பன்ரண்டு, அண்ணை."

"எந்தப் பன்ரண்டு?"

"தெரியாது, அண்ணை. எல்லாம் கலந்து போச்சு."

அவர் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். திரும்பவும் போய்க் கழுவிவிட்டு வந்தார். பிறகு சொன்னார், "அறுபதையும் திறந்து காத்தை விட வேணும். இப்பவே. மலர், இரண்டு மணி பஸ் இருக்கு. நிலாவெளிக்குப் போய் உம்மட அக்காவோட இரும். பொழுதுபட வாரும்."

"நான் ஏன் போக வேணும்?" மலர் அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "ஓப்பினரைத் தாங்கோ. உங்கட கை நடுங்குது."

"உமக்குச் சத்தம் ஏலாது."

"ஓம், ஏலாதுதான். தாங்கோ."

கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள். மலர் அக்கா திறப்பார். ஆனால் அண்ணை சொல்கிறபடி உடுத்துக்கொண்டுதான் திறப்பார். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், அதற்குமேல் தண்ணீர்ப் படகிலிருந்து வந்த செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி, கையில் தடித்த உறை. கிணற்றடித் தகரக் கூரைக்குக் கீழே, கடலிலிருந்து அரை மைல் தள்ளி, மலர் அக்கா மூழ்கப் போகிற கப்பலின் கப்டன் மாதிரி நின்றார். அண்ணை ஈரச்சாக்கைப் பிடித்துக்கொண்டார். நான் வாளி.

முதல் போத்தல் உஸ்ஸென்றது. இரண்டாவது உஸ்ஸென்றது. ஒவ்வொன்றுக்கும் அண்ணை கண்ணை மூடித் திறந்தார். எட்டாவது போத்தல் சாக்கையும் தள்ளிக்கொண்டு கூரைத் தகரம் வரை பாய்ந்தது. அடியைத் தூக்கிப் பார்த்தோம். பழுப்பு வளையம்.

"இது உன்ர" என்றார் அண்ணை.

"ஓம், என்ர" என்றேன். பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட மாதிரி இருந்தது.

பதினேழாவதும் என்னுடையது. இருபத்திரண்டு, இருபத்திமூன்று, முப்பதாவது. என் தலை, சட்டை, செருப்பு எல்லாம் இஞ்சி. நாற்பதைத் தாண்டினபோது மலர் அக்காவுக்குக் கை பழகி, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஏதோ பாட்டு முணுமுணுப்பதுகூடக் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அப்போதுதான், இன்னும் யாரும் கை வைக்காத பெட்டிக்குள் ஒன்று தானாகவே வெடித்தது.

தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்டது. வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முகம் ஈரச் சீமெந்தில். அண்ணை செய்த சத்தியம் என்னால் போய்விட்டதே, மலர் அக்காவுக்கு என்ன ஆனதோ என்றுதான் முதல் நினைத்தேன். மெல்லத் தலையைத் தூக்கினேன்.

மலர் அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். ஓப்பினர் கையிலேயே இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் இடையில் உள்ள மூலையை.

அண்ணை அங்கே இருந்தார். முழங்காலை நெஞ்சோடு மடித்து, இரண்டு கையாலும் காதைப் பொத்தி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. ஆறடி மனிதர் அந்த இடுக்குக்குள் எப்படி அடங்கினார் என்று தெரியவில்லை. சத்தம் போடவில்லை. உதடு மட்டும் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

மலர் அக்கா ஓடவில்லை. ஓப்பினரைக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்தார். தன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி அவர் தலையில் மெல்ல மாட்டினார். பிறகு அந்த ஈர நிலத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, முதுகைத் தடவத் தொடங்கினார். புதுசாகச் செய்கிற கை இல்லை அது.

"முடிஞ்சுது. இனி ஒண்டும் இல்லை. போத்தல்தான். வெறும் போத்தல்."

கனநேரம் கழித்து ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஆரும் கண்டவையே?"

"ஒருத்தரும் இல்லை" என்றார் மலர் அக்கா.

நான் இரண்டு முழத் தூரத்தில் கிடந்தேன். தலையைத் திரும்பச் சீமெந்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அதற்குள் படலையில் ஒழுங்கை கூடிவிட்டது. எதிர்வீட்டு ரீச்சர், பக்கத்து வீட்டுக்காரர், எல்லாரும். "என்ன சத்தம்? என்ன நடந்தது?" மலர் அக்கா எழும்பி, செம்மஞ்சள் அங்கியோடே படலைக்குப் போனார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, நான் நல்லாப் பயந்திட்டன். போத்தல் ஒண்டுதான். எனக்குக் காலும் ஓடேல்லை கையும் ஓடேல்லை. இவர்தான் என்னைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். இப்பவும் உள்ளுக்கை துப்புரவாக்கிக்கொண்டு நிக்கிறார்."

கட்டிலுக்குக் கீழே அன்று ஒரு மணித்தியாலம் கிடந்தது யார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆறு மாதம் கழித்து அக்காவுக்கு வயிறு ஊதினது எதற்காக என்பதும் விளங்கியது.

ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் இஞ்சித் தண்ணீர் சொட்டச் சொட்ட எழும்பி வந்து நின்றேன். மலர் அக்காவும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, மிரட்டல் இல்லை. என்ன செய்வேன் என்று மட்டும் பார்த்தார்.

"ஓம் ரீச்சர்" என்றேன். "அக்கா சரியாப் பயந்திட்டா."

மிச்சத்தையும் திறந்து ஊற்றிவிட்டோம். தங்கச்சியின் கலியாணத்தில் வாசலில் தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தோம். அவள் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அண்ணை வெள்ளைச் சேட் போட்டு வந்து, கிளாஸ்களைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க விட்டார். அடுத்த மாதமே திரும்ப ஜிஞ்சர் பியர் போட்டார். போத்தல் கழுவ நான்தான் போனேன். மறந்தும் தொலைபேசியைக் கொண்டுபோகவில்லை.

போன மாதம், இதை எழுதலாமா என்று மலர் அக்காவிடம் கேட்டேன். நான் மட்டக்களப்புக்கு மாறி வந்து இரண்டு வருடமாகிறது.  அக்கா, "அவரிட்டையே கேளும்" என்று தொலைபேசியைக் கொடுத்துவிட்டார். அண்ணை வந்தார். நான் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது அவருக்குத் தெரியும் என்று அவர் வாயால் சொன்னபோதுதான் தெரிந்தது.

"எழுது, பிள்ளை" என்றார். "ஆனா மலர் பயந்தவ எண்டு எழுதாதை. ஒழுங்கையில எல்லாரும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கினம். அவ ஒரு நாளும் பயந்தவ இல்லை."

எழுதிவிட்டேன், அண்ணை. கையைக் கழுவிவிட்டுத்தான் எழுதினேன்.